பொன்னூர்த் திருப்பமும் அம்சவேணி டீச்சரும்

பெங்களூர்
12-2-2008

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் நான் மறுபடியும் கத்திவிடுவேன் என்று சம்யுக்தா சொல்கிறாள். என் மனைவி சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருப்பதால் எழுதுகிறேன்.

சித்தாமூர்க் கல்யாணத்தில், மண்டபத்து வாசலில், உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், "வழி தெரியாத மனுஷனுக்கு எதுக்கு மாமா காரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்ட விஷயம் தப்பென்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

நம் சமணக் குடும்பத்துப் பெண்களில் அக்காவைப் போல விரதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் குறைவு. பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டாள். அவளுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். இதெல்லாம் தெரிந்தும், காஞ்சிபுரத்திலிருந்து மத்தியானம் புறப்பட்டவர்கள், பந்தி முடிந்து அண்டாவையெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, விளக்கு வைத்த பிறகு வந்து இறங்கினீர்கள். கேட்டதற்கு, "வழி கேட்டுக்கொண்டு வந்ததில் நேரமாகிவிட்டது" என்றீர்கள். நீங்கள் வழி கேட்பது எப்படியென்று எனக்குத் தெரியாதா? வண்டியை ஓரம் கட்டுவீர்கள், இறங்குவீர்கள், எந்த ஊர், எத்தனை பிள்ளை, இந்த வருஷம் நெல்லா வேர்க்கடலையா என்று ஆரம்பிப்பீர்கள். வண்டிக்குள் அக்கா வெந்துகொண்டிருப்பாள்.

விடிந்ததும் குழாயடியில் விழுந்து கிடந்தாளே, அதை முதலில் பார்த்தவன் நான்.

இத்துடன் ஒரு பெட்டி அனுப்புகிறேன். கார்களுக்கு வழி சொல்லும் கருவி. நேவிகேட்டர் என்பார்கள். முன்கண்ணாடியில் ரப்பர் குமிழால் ஒட்டிக்கொள்ளும். போகவேண்டிய ஊரைத் திரையில் தட்டினால், எங்கே திரும்பவேண்டும் என்று வாயால் சொல்லும். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்பது ஓரத்தில் தெரியும். எனக்கு முக்கியம் அந்த ஓரம்தான். இனி நீங்கள் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

ரிஷப்

*

பெரிய காஞ்சிபுரம்
20-2-2008

அன்பு ரிஷப்,

அருகன் அருளால் இங்கே இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் அக்கா சாந்திமதிக்குச் சர்க்கரை அளவு சரியாகிவிட்டது. இன்று காலை ஆப்பம் வார்த்தாள், என்னை இரண்டு தடவை திட்டினாள். இதற்குமேல் ஆரோக்கியத்துக்குச் சான்று எதற்கு?

பெட்டி வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. கூடத்தில் டி.வி. மேல் இருக்கிறது. கடிதம் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. போன் இருப்பது அதே கூடத்தில், சாந்திமதி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. உன் கோபம் உன் அக்கா மேலுள்ள பாசம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் "வழி தெரியாத மனுஷன்" என்ற சொல் மட்டும் முள்ளாக நிற்கிறது. ஐயம்பேட்டைப் பள்ளியில் வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போதும் கடைத்தெருவில் என்னைப் பார்க்கும் பழைய மாணவன் எவனாவது, "சார், பாலாறு எங்க உற்பத்தி ஆவுது, கேளுங்க" என்று வம்புக்கு வருவான்.

வழி கேட்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒரு வகுப்பில் தமிழ்நாட்டுப் படம் வரையச் சொன்னேன். ஒரு பையன் வெண்ணெய்க் காகிதத்தை வைத்து அச்சாக எடுத்துக் காட்டினான். வளைவு நெளிவு ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டான். கடல் மேற்கே இருந்தது. இராமேசுவரம் கேரளத்துப் பக்கம் போயிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் அவன் கோட்டைத்தான் பார்த்தான், ஊரைப் பார்க்கவில்லை. நீ அனுப்பியிருக்கும் கருவி அந்த வெண்ணெய்க் காகிதம் மாதிரி என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. போன வருஷம் உத்திரமேரூர் போகும் வழியில், புல்லுக்கட்டு சுமந்து வந்த ஓர் அம்மாவிடம் வழி கேட்டேன். "நேரா போகாதீங்க. சாவு எடுத்துக்கினு வராங்க. பட்டாசு போட்டுக்கினு மெதுவாத்தான் வருவாங்க. இப்படி ஏரிக்கரை மேல போயிடுங்க" என்றாள். எந்த இயந்திரம் இதைச் சொல்லும்?

பெட்டிக்கு நன்றி. சம்யுக்தாவுக்கு என் ஆசிகள்.

அப்பாண்டை

*

பெங்களூர்
2-3-2008

மாமா,

உதாரணத்தில் உங்களை ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் உதாரணம் இல்லாமல் நேராகவே எழுதுகிறேன்.

அப்பா போய், அம்மாவும் போன பிறகு எனக்கு மூத்தவளென்று இருப்பது அக்கா ஒருத்திதான். சின்ன வயதில் அம்மா இடுப்பில் இருந்ததைவிட அவள் இடுப்பில் இருந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. குழாயடியில் அவள் கண் செருகிக் கிடந்தபோது, கூப்பிட்டும் திரும்பவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக் கண் திறந்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? "சூரியன் வந்துடுச்சா?" என்று கேட்டாள். உங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. எனக்கு இல்லை.

இன்னொரு விஷயம். இங்கே நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்துவிட்டது. மே மாதம் புதுமனை புகுவிழா. பால் காய்ச்சவேண்டியது அக்கா. அவள் கையால் காய்ச்சாமல் அந்த அடுப்பை நான் பற்றவைக்கப் போவதில்லை.

நீங்கள் காரில்தான் வருவீர்கள். தெரியும். அப்படியானால் அந்தக் கருவி கண்ணாடியில் ஒட்டியிருக்கவேண்டும். இல்லையென்றால் இங்கிருந்து ஒரு டிரைவரோடு வண்டி அனுப்புகிறேன், அக்காவை அழைத்துவர. விழா முடிந்த பிறகும் அது உங்களுக்கு வேண்டாமென்று தோன்றினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

குறைந்தபட்சம் பெட்டியையாவது பிரியுங்கள். பிரிக்காமலே வெண்ணெய்க் காகிதம் என்பது என்ன நியாயம்? விடைத்தாளைத் திறக்காமல் மார்க் போடுவீர்களா?

ரிஷப்

*

பெரிய காஞ்சிபுரம்
16-3-2008

அன்பு ரிஷப்,

விடைத்தாள் என்று நீ எழுதியது சரியான இடத்தில் பட்டது. பெட்டியைப் பிரித்தோம். பிரித்தோம் என்று பன்மையில் எழுதுவது மரியாதைக்காக. பிரித்தது சாந்திமதி. ரப்பர் குமிழை நக்கி ஈரம் செய்து ஒட்டவேண்டுமா என்று என்னைக் கேட்டாள். நான் ஈரத்துணியைக் கொடுத்தேன்.

அது ஆங்கிலத்தில் பேசுகிறது. ஒரு பெண் குரல். அவசரமில்லை, கோபமில்லை, எதைச் சொன்னாலும் ஒரே சீராக. இரண்டு வாக்கியம் கேட்டதுமே சாந்திமதி, "ஏங்க, நம்ம அம்சவேணி டீச்சர் மாதிரியே இருக்குது இல்ல?" என்றாள். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவர். பள்ளிக்கூடம் தீப்பிடித்திருந்தால்கூட, மாணவர்களே, தயவுசெய்து இடப்பக்கம் வெளியேறுங்கள் என்று அதே குரலில்தான் சொல்லியிருப்பார். அன்றிலிருந்து கருவிக்குப் பெயர் அம்சவேணி டீச்சர் என்றாகிவிட்டது.

முதல் சோதனைக்கு ஐயம்பேட்டை. எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு போகத் தெரிந்த ஊர். தெரிந்த ஊரில் வைத்தால்தானே அதற்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியும்? புறப்பட்டதும் டீச்சர், நான் எப்போதும் போகும் பெரிய தெருவை விட்டுவிட்டு, குறுக்கே ஒரு நெசவுக்காரர் தெருவுக்குள் திருப்பச் சொன்னார். தூரம் குறைவு, வாஸ்தவம். ஆனால் காலை நேரத்தில் அந்தத் தெருவில் எவனும் வண்டியை விடமாட்டான். தெருவின் நீளத்துக்கும், புடவைக்கு நெடுக்கே ஓடும் பட்டுப் பாவு நூலை விரித்துக் கட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரித்து, அறுந்ததை முடிந்துகொண்டிருப்பார்கள். அரக்கு நிறத்தில் ஒரு புடவைப் பாவு, தெரு முனையிலிருந்து தெரு முனை வரை. டீச்சர், நேராகப் போகவும் என்கிறார்.

அங்கே சிட்டிபாபு என்று ஒருவன், என்னிடம் படித்தவன், இப்போது சொந்தமாகத் தறி வைத்திருக்கிறான். ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "இன்னா சார், நீங்களே இந்நேரத்துக்கு இங்க வரீங்க? வண்டியில யாரு பேசறது?" என்றான். வழி சொல்கிறது என்றேன். டீச்சர் மறுபடியும், நேராகப் போகவும் என்றார். "பாவு மேல ஏத்தச் சொல்லுதே சார், யாரு சார் இந்தம்மா? அக்கா ஒருத்தவங்க சொல்றது போதலைன்னு புதுசா கூட்டியாந்துட்டீங்களா?" என்றான். உள்ளேயிருந்து சாந்திமதி, "ஆமாம்பா, எனக்கும் வாய் வலிக்குது, அதான் ஆள் போட்டேன்" என்றாள். தெருவே சிரித்தது.

வண்டியைப் பின்னோக்கியே எடுத்து வெளியே வந்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னேனே, கேட்டீர்களா என்று சொல்லவில்லை. ஒரு கணம் யோசித்தார், வேறு வழி சொன்னார். ஓரத்தில் போய்ச் சேரும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். சாந்திமதிகூட, "நானா இருந்தா இதுக்குள்ள நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்" என்றாள்.

அதனால் நேர்மையாக மார்க் போடுகிறேன். பூகோளத்தில் தேர்ச்சி. ஊர் நடப்பில் தேர்ச்சியில்லை. நடத்தை மிக நன்று.

பெங்களூருக்கு வருவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. டிரைவரை அனுப்பாதே. அனுப்பினால் நான் வரமாட்டேன். நான் வராவிட்டால் உன் அக்கா வரமாட்டாள். உன் வீட்டில் பால் காயாது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கருவி வந்ததிலிருந்து சாந்திமதி அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடுகிறாள். உன்னோடு பேசவேண்டும் என்கிறாள். நான் வேண்டாமென்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் போன் செய்தால், சித்தாமூர்ப் பேச்சை நீ எடுக்காதே.

அப்பாண்டை

*

பெங்களூர்
30-3-2008

அன்புள்ள மாமா,

நான் எடுக்கவில்லை. அக்காவே எடுத்தாள்.

நீங்கள் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள். முதலில் அழுதாள். அப்புறம் சொன்னாள். அன்றைக்கு நீங்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை என்று. கேட்க விடவில்லை அவள். வந்தவாசி தாண்டியதும் நேராகத் திண்டிவனம் சாலையில் போகவேண்டியவர்களை, வலது பக்கம், பொன்னூர் சாலையில் திருப்பச் சொன்னது அவள். "எங்கப்பா எங்களைக் கூட்டிக்கினு போன வழி இது. பொன்னூர் மலையில சாமி பார்த்துட்டு, இடப்பக்கம் எறங்கினா சித்தாமூர். எங்க ஊர்ப்பக்கம் நான் யாரைக் கேக்கணும்?" என்றாளாம். டீக்கடையில் நிறுத்தப் போன உங்களை, வேண்டவே வேண்டாம் என்று தடுத்தாளாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பந்தியில் உட்கார்ந்துவிடுவோம் என்று நம்பி மாத்திரையையும் அங்கேயே போட்டுக்கொண்டாளாம். அந்தப் பாதை இப்போது இல்லை. ஏரிக்கரையோடு முடிந்துபோகிறது. திரும்பி வந்தவாசிக்கே வந்து, மறுபடியும் புறப்பட்டிருக்கிறீர்கள்.

மண்டபத்து வாசலில் நான் கத்தியபோது அவள் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லித்தான் அழுதாள். "நான் சொல்ல வர்றதுக்குள்ள அவரு, வழி கேட்டுக்கினு வந்தோம்னு சொல்லிட்டாருபா. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரலை" என்றாள்.

நான் என்ன எழுதுவது? மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொல்லலாம். சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். அதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்பதும் தெரிகிறது.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. பேச்சோடு பேச்சாக அக்கா, "அன்னிக்கு வெயில் வேற மூஞ்சியிலயே அடிச்சிக்கினு இருந்துச்சு, கையை வெச்சி மறைச்சிக்கினே வந்தேன்" என்றாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காஞ்சிபுரத்திலிருந்து சித்தாமூர் தெற்கே. சாயங்கால வெயில் வலது பக்கம் அடிக்கவேண்டும். முகத்தில் அடித்தால் மேற்கே போகிறீர்கள் என்று அர்த்தம். இது எனக்கே தெரிகிறது. முப்பது வருஷம் பூகோளம் எடுத்தவருக்கு?

மாமா, அந்த வழி தப்பு என்று உங்களுக்குத் தெரியும். இல்லையா?

ரிஷப்

*

பெரிய காஞ்சிபுரம்
8-4-2008

அன்பு ரிஷப்,

உன் கடிதத்தைக் கோயிலில் உட்கார்ந்து படித்தேன். திருப்பருத்திக்குன்றத்துக்கு இப்போதெல்லாம் தனியாக நடந்தே போகிறேன். இந்தக் கடிதமும் அங்கே மண்டபத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

தெரியும்.

திரும்பிய உடனே தெரிந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. இது சித்தாமூருக்குப் போகாது, செஞ்சிப் பக்கம் சுற்றிவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. சொல்ல வாயும் திறந்தேன். ஆனால் உன் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசிக்கொண்டிருந்தது உன்னைப் பற்றி. பொன்னூர் மலையிலிருந்து இறங்கும்போது நீ தூங்கிவிட்டாயாம். உன் அப்பா கையில் பூஜைச் சாமான். எட்டு வயதுப் பெண் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கியிருக்கிறாள். கடைசிப் படியில் நீ கண் விழித்து, இவ்வளவு நேரம் நான்தான் நடந்து வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாயாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வெயிலை மறைக்க நெற்றியில் கை. முகம் முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

சாந்திமதி வழி சொல்லி நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் வண்டிக்குள் உட்கார்ந்து, நான் பேசி முடித்து வரும்வரை காத்திருந்தவள். அன்றைக்கு அவள் ஊர்ப்பக்கம். அவள் எனக்கு வழி காட்டுகிறாள். அவளிடம், நிறுத்து, நீ சொல்வது தப்பு என்று எந்த இடத்தில் சொல்லவேண்டும்? கதை முடியட்டும் என்று பார்த்தேன். முடிந்ததும் அடுத்த கதை வந்தது. மாத்திரையை எப்போது போட்டுக்கொண்டாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த நிமிஷமே வண்டியைத் திருப்பியிருப்பேன். அது மட்டும்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீ கத்தியது அல்ல.

வகுப்பில்கூட எனக்கு இந்தக் குறை உண்டு. கரும்பலகைக்கு வந்து ஆர்வமாக ஒரு குழந்தை தப்பாக எழுதிக்கொண்டு போனால், பாதியில் நிறுத்த எனக்கு மனம் வராது. முழுக்க எழுதட்டும் என்று விட்டுவிடுவேன். மணி அடித்துவிடும். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பாடம் எப்போது முடிப்பீர்கள் என்பார். வகுப்பில் மணி அடித்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். சூரியன் விஷயத்தில் அப்படிச் செய்யமுடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியவேண்டாம். தெரிந்தால், தெரிந்தே என்னைச் சிறுபிள்ளையாக்கிக் கூட்டிப்போனீர்களா என்று வருத்தப்படுவாள். தான் தப்பு சொல்லிவிட்டோம் என்பதைவிட அது பெரிய வருத்தம்.

பெங்களூருக்கு வருகிறோம். அம்சவேணி டீச்சரும் வருகிறார். பாலை வாங்கி வை.

அப்பாண்டை

*

பெங்களூர்
25-5-2008

அன்புள்ள மாமா,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாக அக்கா போனில் சொன்னாள். வழியில் வேலூரில் டீச்சரோடு ஏதோ வாக்குவாதம் என்றும் சொன்னாள். அக்காவுக்கும் டீச்சருக்கும் என்றுதான் புரிந்துகொண்டேன்.

அன்றைக்கு நீங்கள் வந்து சேர்ந்ததை இங்கே இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். விடியலில் புறப்பட்டு, பெங்களூர் வரை ஒரு இடத்திலும் தப்பாமல் கொண்டுவந்து சேர்த்த கருவி, கடைசியில் என் வீட்டுக்கு வழி தெரியாமல் யூக்கலிப்டஸ் தோப்புக்கு முன்னால் நிறுத்தி, சேருமிடம் வந்துவிட்டது என்றிருக்கிறது. எங்கள் லேஅவுட் அதனுடைய வரைபடத்தில் இன்னும் ஏறவில்லை. நான் அனுப்பிய கருவிக்கு என் வீடே தெரியவில்லை. நான் மெயின் ரோட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எனக்குப் பின்னால் இருந்து வருகிறீர்கள். பின்சீட்டில் அக்கா, முன்சீட்டில் உங்களுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர். தண்ணீர் லாரி ஓட்டுகிற தேவசகாயம். வழி கேட்டீர்களாம், வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள். இறங்கியதும், "இவருக்கும் எலை போடு, இவரும் வெயிலோடதான் சாப்பிடுவாரு" என்றீர்கள். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுக்கவும் தெரியவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் சம்யுக்தா நேராக அவருக்குத்தான் போன் செய்கிறாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அக்கா சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். மறுநாள் அவள் பால் காய்ச்சியபோது எல்லோரும் பொங்குவதைப் பார்த்தார்கள். நான் அவளைத்தான் பார்த்தேன்.

உங்களை ஒரு நிமிஷம் தனியாகப் பிடித்து ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. வழி தெரியாத மனுஷன் யாரென்று எனக்கு இப்போது தெரியும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

விழா முடிந்துவிட்டது. பேச்சுப்படி, வேண்டாமென்றால் கருவியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வருத்தப்படமாட்டேன். வைத்துக்கொள்கிறீர்களா? நேர்மையாகச் சொல்லுங்கள், அது வைத்துக்கொள்ளத் தகுந்ததுதானா?

உங்கள் ரிஷப்

*

பெரிய காஞ்சிபுரம்
22-6-2008

அன்பு ரிஷப்,

உன் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், இன்னொரு சோதனை பாக்கியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சித்தாமூர் மடத்துக்குப் போய்வந்தோம். விடியும்போதே புறப்பட்டோம். பின்சீட்டில் தூக்குப் பாத்திரம் நிறைய இட்லி. உன் அக்காவின் மாத்திரை இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. சாப்பாட்டை எதிரே வைத்த பிறகுதான் எடுத்துக் கொடுப்பேன். அவளுக்கு இதில் கொஞ்சம் கோபம்.

வந்தவாசி வந்தது. அந்தத் திருப்பமும் வந்தது. டீச்சர், நேராகப் போகவும் என்றார். சாந்திமதி அதைக் கேட்டாள். கண்ணாடி வழியாக அந்தச் சாலையை எட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "வலது பக்கம் போலாமாங்க?" என்றாள்.

நான் கருவியின் ஓரத்தைப் பார்த்தேன். போய்ச் சேரும் நேரம் இருந்தது. அதில் இந்தச் சுற்று வழியைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டினாலும் பொழுது சாய இன்னும் எவ்வளவோ இருந்தது. வலது பக்கம் திருப்பினேன்.

உன் கருவி நல்ல கருவி ரிஷப். திரும்பச் சொல்லி மூன்று நான்கு தடவை சொன்னது. சாந்திமதி, "சும்மா இரு டீச்சர். இது எங்கப்பா போன வழி" என்றாள். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். அவளை எவ்வளவு தூரம் அவள் இஷ்டத்துக்குப் போகவிடலாம், எந்த இடத்தில் நான் வாய் திறந்தாகவேண்டும் என்பது எனக்கு முன்பு தெரியாமல் போயிற்று. இப்போது கண்ணெதிரே எழுதியிருக்கிறது. அதனால் கருவியைத் திருப்பி அனுப்பமாட்டேன். நீ கேட்டாலும் தரமாட்டேன்.

பொன்னூர் மலையில் ஏறி வணங்கினோம். இறங்கும்போது, நீ தூங்கிய படி எது, கண் விழித்த படி எது என்று காட்டினாள். மறக்காமல் உன்னிடம் சொல்லச் சொன்னாள்: நீ நடந்து வரவில்லை.

பாதை ஏரிக்கரையோடு முடிந்தது. வண்டியை ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தித் தூக்கைத் திறந்தோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை, சித்தாமூருக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். தெரிந்த வழிதான், ஆனாலும் கேட்டேன். அவருக்கு இரண்டு மகள்கள், மூத்தவள் செய்யாறில் வேலைக்குப் போகிறாள், இந்த வருஷம் வேர்க்கடலை. சாந்திமதி அவருக்கும் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு மாத்திரையைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, வந்த சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலை வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தே வந்திருக்கிறது என்பதை அப்போதுதான் நானும் நினைத்தேன்.

"இன்னிக்கு வெயில் முதுகுல அடிச்சுது" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

"அன்னிக்கு மூஞ்சியில அடிச்சுது." தூக்கின் மூடியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நான் வாத்தியார் பொண்டாட்டிங்க. எனக்கு எப்பவோ தெரியும், உங்களுக்குத் தெரியும்னு."

நான் தூக்கை எடுத்துக்கொண்டு, கழுவ ஏரிக்குள் இறங்கிவிட்டேன். வேண்டுமளவு நேரம் எடுத்துக்கொண்டு கழுவினேன்.

உன் மாமா,
அப்பாண்டை